இரண்டாவது குழாய்

சிறுநீரகம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே குழாய்தான் சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது என்று பள்ளிக்கூடத்துச் சித்திரங்கள் நமக்குக் கற்பித்திருக்கின்றன. சிருஷ்டியோ அச்சித்திரத்தைப் பார்த்து வேலை செய்வதில்லை. ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு அக்குழாய் ஒரு பக்கத்திலாவது இரட்டையாக அமைந்திருக்கிறது; பெரும்பாலோர் அதை அறியாமலே ஆயுளைக் கழித்துவிடுகிறார்கள். புற்றுநோய் கண்ட பையை அகற்ற நேரும் தினத்தில்தான் அது விபரீதமாக மாறக்கூடும்.

பையை எடுத்தபின், குழாய்களைச் சிறுகுடலின் ஒரு துண்டோடு இணைத்துச் சிறுநீருக்குப் புதுவழி செய்வது, அமெரிக்க வைத்தியர் பிரிக்கர் 1950-ல் விவரித்து, இன்றும் வழக்கில் உள்ள முறை. பையை அகற்றும் ரண சிகிச்சையை வைத்தியர் மணி மேனன் குழுவினர் ரோபோவின் துணையோடு செய்து 2003-ல் வெளியிட்டார்கள். யந்திரக் கை வந்ததும் பார்வை பன்மடங்கு பெருகியது. ஆனால், மிக அண்மைக் காலம் வரை, விரல்நுனியின் ஸ்பரிச ஞானம் அதற்கு வாய்க்கவில்லை. முதற்குழாயைக் கண்டு கிளிப்பிட்ட திருப்தியில், பின்னே ஒளிந்திருக்கும் இரண்டாவதை வெறும் திசுவென்று எண்ணி வெட்டிவிட்டால், சிறுநீர் வயிற்றுக்குள்ளேயே கசியும். கண்டுகொண்டாலும் அவசரம் ஆகாது: இரண்டும் கீழ்ப்பகுதியில் ஒரே உறைக்குள் ரத்த ஓட்டத்தைப் பங்கிட்டுக்கொள்வதால், அவற்றைப் பிரிக்க முயல்வது இரண்டையும் வாடச் செய்வதாகும்; சேர்த்தே எடுத்து, வாய்களை ஒன்றாகத் தைத்துக் குடலில் பொருத்துவதே உசிதம்.

‘எதிர்பாராதது’ என்று குறிப்பேட்டில் எழுதப்படுவது பல வேளைகளில் வெறும் ‘பாராதது’ என்பதே என் அபிப்பிராயம். சாயம் ஏற்றிச் சில நிமிஷங்கள் பொறுத்து எடுக்கும் கடைசி ஸ்கேன் படத்தில் குழாய்கள் முழு நீளத்துக்கும் பெரும்பாலும் தெரியும். அறிக்கையின் இரண்டு வரியோடு நில்லாமல், கத்தி பிடிப்பவரே அப்படத்தைப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவருக்குச் சாயம் ஏற்றத் தயங்குவார்கள். அங்கே ஆச்சரியம் நியாயமானதே. அப்பொழுது குழாயை அதன் மூலம்வரை பின்தொடரும் பொறுமையும், அவசியமானால் யந்திரத்தை ஒதுக்கி வயிற்றைத் திறக்கும் துணிவும் வேண்டும். அத்துணிவைத் தோல்வியென்று கருதும் மனோபாவம், விளம்பரப் பலகைகள் வளர்த்துவிட்ட நோய்.

இன்னொன்று: எத்தனை குழாய்கள், எப்படி இணைக்கப்பட்டன என்ற சிறு படமொன்றை நோயாளியின் கையிலேயே கொடுத்தனுப்ப வேண்டும்; பல வருஷங்களுக்குப்பின் காய்ச்சலோடு அவர் வேறொரு ஊர் வைத்தியரிடம் போய் நிற்கக்கூடும்.