கீழே நிற்பவர்

மலை ஏறுவதில் நமக்கு எப்போதுமே பிரியம் உண்டு. படிகள் செதுக்கியிருக்க வேண்டும், பாதி வழியில் ஒரு மண்டபமும் மண்டபத்தில் நீர்மோரும் இருக்க வேண்டும் என்பவை மட்டுமே நமது நிபந்தனைகள். ஆகையால், பெங்களூர்ச் சிநேகிதர்கள் சிலர், "ஞாயிற்றுக்கிழமை பாறை ஏறப் போகிறோம், நீங்களும் வாருங்கள்" என்று அழைத்தவுடன் மகிழ்ச்சியுடன் கிளம்பிவிட்டோம்.

அவர்கள் நம்மை அழைத்துச் சென்ற இடம், நகரின் தெற்கே கனகபுரா சாலைக்கு அருகிலுள்ள துரஹள்ளிக் காடு. அங்கே மண்டபமும் இல்லை, மோரும் இல்லை. புதர்களுக்கு நடுவே பெரும் பெரும் குண்டுப் பாறைகள் கிடந்தன. லால்பாக் தோட்டத்துப் பாறையைப் பார்த்தவர்களுக்கு இந்த வகைக் கல் தெரிந்திருக்கும். அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி வருஷம் என்கிறார்கள் பூகர்ப்ப சாஸ்திரிகள். அப்படிப்பட்ட கிழவர்களுக்கு முன்னால் நமது முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவது மரியாதையாகாது என்று வாயை மூடிக்கொண்டோம்.

இந்த வித்தைக்குப் 'போல்டரிங்' என்று பெயர். கயிறு கிடையாது. பாறையின் உயரம் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆள் உயரந்தான். இறுக்கமான ரப்பர் ஷூ, கை வியர்வையைப் போக்க மக்னீஷியம் கார்பனேட் என்னும் வெள்ளைப் பொடி, கீழே ஒரு தடித்த மெத்தை, இவ்வளவே சாதனங்கள். பிற்காலத்தில் கணிதப் பேராசிரியராக விளங்கிய ஜான் கில் என்னும் அமெரிக்கர், 1950-களில் தேகப்பயிற்சிக் கூடத்துப் பொடியைப் பாறைக்குக் கொண்டுவந்தார். அதற்கும் வெகு காலம் முன்பே பாரிஸுக்கு அருகிலுள்ள ஃபோந்தேன்ப்ளோ வனத்துப் பாறைகளில், ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறவர்கள் பழகி வந்தார்கள். 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்திலும் இதற்கு இடம் கிடைத்துவிட்டது.

இந்த விளையாட்டில் இன்னொரு சாதனமும் உண்டு. அதுதான் கீழே நிற்கும் சிநேகிதர். அவர் இரு கைகளையும் உயர்த்திக்கொண்டு, ஏறுகிறவரின் இடுப்பிலேயே கண் வைத்து நிற்க வேண்டும். விழுகிறவரை ஏந்திப் பிடிப்பது அவர் வேலையல்ல. அது நடக்கிற காரியமும் அல்ல. தலைக்கும் முதுகுக்கும் அடிபடாமல், கால் முதலில் மெத்தையில் படும்படி திருப்பிவிடுவதே அவர் கடமை. ஏறத் தெரியாத நமக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது.

நம் சிநேகிதர் ஒருவர் மூன்று மாதமாக ஒரு பாறையோடு போராடிக்கொண்டிருந்தார். அன்று அவர் கை கடைசிப் பிடியை நெருங்கிக்கொண்டிருந்த சமயம், நமக்குப் பின்னால் எங்கோ மயில் ஒன்று அகவியது. ஒரே ஒரு கணம் திரும்பிப் பார்த்தோம். அந்தக் கணத்தில் அவர் கால் வழுக்கிற்று. மெத்தையின் ஓரத்தில் விழுந்து கணுக்கால் பிசகியது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காலைப் பிடித்துக்கொண்டே, "மயில் அழகாயிருந்ததா, ஸார்?" என்று மட்டும் கேட்டார். கோபித்திருந்தால் தேவலை என்று தோன்றியது. வீட்டில் அவர் தாயார் காலுக்குப் பற்றுப் போட்டபடி காரணம் விசாரித்தபோது, மெத்தை நழுவிவிட்டது என்று சொல்லிவிட்டார். நாமும் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அம்மாள் கொடுத்த காப்பியைக் குடித்தோம். அவ்வளவு கசப்பான காப்பியை அதற்கு முன் நாம் குடித்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அழைப்பு வந்தது. "பை, தண்ணீர்க் குப்பி இவற்றைப் பார்த்துக்கொள்கிறோம், வேறு யாரையாவது நிறுத்துங்கள்" என்றோம். அவர் இணங்கவில்லை. "நீங்கள்தான் நிற்க வேண்டும். ஒரு தடவை திரும்பிப் பார்த்தவர் மறு தடவை திரும்பமாட்டார்" என்றார்.

உச்சியில் நிற்கிறவரைப் படம் பிடிக்கிறார்கள். கீழே நின்றவருடைய உயர்த்திய கைகள் சில சமயம் படத்தின் மூலையில் விழுகின்றன. ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படிக் கை உயர்த்தி நிற்கிறவர் ஒருவர் உண்டு. அவர் ஒரு கணம் அசந்துபோனால்தான், அவர் அங்கே நின்றதே மற்றவர்களுக்குத் தெரிய வருகிறது.

அன்றும் நம் சிநேகிதர் உச்சியைத் தொடவில்லை. மூன்று தடவை விழுந்தார். மூன்று தடவையும் கால் முதலில். நடுவில் மயில் அகவியதாகப் பிறகு சொன்னார்கள். நமக்குக் கேட்கவில்லை.