களைக்கொத்து பிடிப்பவருக்கே பயிற்சி

வேப்பூர், விருத்தாசலம் பகுதி மணிலாக் கொல்லைகளில் களை வெட்டுவதும் மண் அணைப்பதும் காய் ஆய்வதும் பெரும்பாலும் பெண்களே. பயிற்சிக்கு அழைப்பு வருவதோ பட்டாதாரர் பெயருக்கு!

விதைத்த 40-45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் காய்களைத் திரட்சியாக்கும். அதன்பின் மண்ணைக் கிளறினால் விழுதுகள் அறுபட்டு மகசூல் குறையும். இதை வீட்டுக்காரர் கேட்டு வந்து சொல்வார் என்று விட்டுவிடலாகாது. களைக்கொத்து பிடிப்பவருக்கே வயலில் காட்டவேண்டும்.

1986இல் டென்மார்க் நாட்டு உதவியுடன் தமிழக வேளாண்மைத் துறை தொடங்கிய 'தான்வா' திட்டம் இவ்வழியில்தான் சென்றது. பெண் அலுவலர்கள் சிறு, குறு விவசாயக் குடும்பப் பெண்களுக்குக் கற்பித்தனர். கற்றவர்கள் அண்டை அயலாருக்குச் சொன்னார்கள்.

மகசூல் முழுவதும் விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போய்விட, வீட்டுப் பிள்ளைக்கு வெறும் ரசஞ்சோறு என்பது எந்தக் கணக்கில் சேர்த்தி? மணிலாப் பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதம் உள்ளது. வீட்டுக்கு எத்தனை மூட்டை நிறுத்துவது என்பதில் பெண்ணின் சொல் எடுபட வேண்டும். நிறுத்தும் காயைக் குலுக்கினால் கலகலக்கும்வரை உலர்த்துங்கள். பூசணம் பிடித்த பருப்பில் ஈரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சு இருக்கக்கூடும். வறுத்தாலும் முழுமையாக நீங்காது.

விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மண் அணைக்கும் பருவத்துக்கு முன்பே ஊர்ப் பெண்கள் சேர்ந்து விண்ணப்பம் கொடுங்கள். பயிற்சியை உங்கள் ஊரிலேயே, கொல்லை வேலை முடிந்த பிற்பகலில் நடத்தும்படி கேளுங்கள்.