புகை சூழ்ந்த இடத்தில் புதுப்பாதை



பயன் தீர்ந்த பொருளை நாம் என்ன செய்கிறோம்? மூலையில் போடுகிறோம், இல்லையேல் எறிந்துவிடுகிறோம். என் பாட்டி அப்படியல்ல. பழைய நூல் சேலையைத் தம்பிக்குத் தூளியாகக் கட்டினார். கட்டும்போதே, “இது உன் தாத்தா கடைசியாகக் கிறிஸ்மஸுக்கு எடுத்துத் தந்த சேலை” என்றார். நான் பிறக்குமுன்பே மறைந்துவிட்ட தாத்தா அன்றுதான் எனக்கு நெருக்கமானார்.

இங்கிலாந்தின் பாத் நகரில் உள்ள கூம் டவுன் சுரங்கத்தைப் பற்றிப் படித்தபோது அந்தத் தூளியே என் நினைவுக்கு வந்தது.

1874-ஆம் ஆண்டில் ரயில் ஓடத் தொடங்கிய அச்சுரங்கத்தின் நீளம் 1,672 மீட்டர். ஒரே தண்டவாளத்துக்கான அகலம். இடையில் காற்றுப் போக ஒரு துவாரமும் இல்லை. 1929 நவம்பர் 20-ஆம் நாள், சரக்கு ரயில் ஒன்று அதனுள் மெல்ல மேடேறியது. ஓட்டுநரும், கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனும் புகையில் மூச்சுத் திணறி மயங்கினர். ஆளில்லாததுபோல் வெளியே வந்த ரயில் சரிவில் விரைந்து, பாத் சரக்கு நிலையத்தில் மோதியது. ஓட்டுநர் உட்பட மூவர் இறந்தனர்.

1966-இல் அந்த ரயில் பாதை மூடப்பட்டது. சுரங்கம் இருண்டு கிடந்தது. பின்னர் ஊர் மக்கள் அயராது முயன்றனர். அதன் பயனாக 2013 ஏப்ரலில் அது, அருகிலுள்ள டெவன்ஷயர் சுரங்கத்தோடு, நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் உரிய பாதையாயிற்று. உள்ளே விளக்குகளும் அமைத்தனர்.

“உயிர்ப்பலி கொண்ட இடத்தில் உல்லாசப் பயணமா?” என்று சிலர் கேட்கலாம். முதலில் நானும் அவ்வாறே நினைத்தேன். ஆனால் சற்றே சிந்தியுங்கள்! அடைத்து வைத்த சுரங்கத்தில் யார் போய் அந்த மூவரை நினைப்பார்? மனிதர் மூச்சுத் திணறிய அதே இடத்தில் இன்று சிறுவர் சிரித்துக்கொண்டு மிதிவண்டி ஓட்டுவது இறந்தோருக்கு அவமரியாதை ஆகாது என்பதே என் கருத்து.

ஆயினும் ஒன்று வேண்டும். பழைய இடத்தைப் புதுப்பிப்போர் அதன் அழகை மட்டும் காட்டி, துயரத்தை மறைத்துவிடக் கூடாது. அங்கு உழைத்தவர் கதையையும் வருவோருக்குச் சொல்ல வேண்டும். கதை சொல்லாமல் கட்டியிருந்தால், பாட்டியின் தூளியும் எனக்கு வெறும் பழந்துணிதானே!

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு