உடையும் உள்ளமும்

நம்மவர் ஒரு காரியத்துக்குச் சம்மதிக்கும்போது தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறார்கள். அயல்நாட்டார் பலர் அதை மறுப்பென்றே எண்ணிக் கொள்கிறார்கள். ஜப்பானியரோ, நாம் பேசும்போது, 'ஹை, ஹை' என்று சொல்லிக் கொண்டே இருப்பார்கள். 'ஹை' என்றால் 'ஆம்' என்பது அகராதி கூறும் பொருள். ஆனால் பல சமயங்களில் அதன் தாத்பரியம், 'தாங்கள் சொல்வது என் காதில் விழுகிறது' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அதைச் சம்மதமென்று நம்பியவர் பிறகு ஏமாற்றமடைவார். 'அது சற்றுக் கஷ்டம்' என்று ஜப்பானியர் இழுத்தாலோ, 'முடியாது' என்றே பெரும்பாலும் அர்த்தம். இதில் நாம் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்றால் அதன் பொருள் நமக்குத் தெரியாதா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கங்களில் கொரியரோடும் ஜப்பானியரோடும் நம் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் காலம் இது. ஆகையால் இந்த விஷயத்தை வேடிக்கையோடு விட்டுவிடுவதற்கில்லை.

1982-ம் வருஷத்தில், அப்போது சர்க்கார் கம்பெனியாயிருந்த மாருதி, ஜப்பானிய ஸுஸுகி கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. மாருதியை நடத்தும் பொறுப்பு வெ. கிருஷ்ணமூர்த்தி என்ற தமிழரிடம் இருந்தது. 1983 டிசம்பரில் குர்காவனிலிருந்து முதல் மோட்டார் வண்டி வெளிவந்தது. வண்டியைவிட அதிசயமாக ஜனங்கள் பேசியது, அந்தத் தொழிற்சாலையின் பழக்க வழக்கங்களைத்தான். மானேஜிங் டைரக்டர் முதல் கடைசித் தொழிலாளி வரை ஒரே சீருடை. எல்லோருக்கும் ஒரே சாப்பாட்டுக் கூடம். அதிகாரிகளுக்குத் தனி அறை இல்லை. அறை, வாசலில் திரை, திரைக்கு வெளியே பியூன் ஆகிய மூன்றுமே அந்தஸ்து என்று பழகிய நம் உத்தியோகஸ்தர்களுக்கு, தட்டை ஏந்தி வரிசையில் நிற்பது லேசாயிருக்குமா? பந்தியில் யார் எங்கே உட்காருவது என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகச் சண்டையிட்ட தேசமல்லவா இது? முதலில் பலர் முகம் சுளித்தார்கள். மேலே இருந்தவர்களே முன்னால் போய் வரிசையில் நின்ற பிறகு முணுமுணுப்பு அடங்கிற்று.

ஜப்பானியர் இதைச் சமத்துவப் பிரசங்கத்துக்காகச் செய்யவில்லை. யந்திரத்தில் கோளாறு வந்தால் முதலில் தெரிவது அதன் அருகில் நிற்கும் தொழிலாளிக்குத்தான். அவன் அஞ்சாமல் அதிகாரியிடம் சொல்ல வேண்டுமானால், இடையே திரை இருக்கக் கூடாது. சீருடையின் ரகசியம் இதுதான்.

பிறரிடம் கற்றுக்கொள்வது நம் சுயமரியாதைக்கு இழுக்கு என்று யாரும் எண்ண வேண்டாம். சரக்கின் தரத்தைக் கணித முறையால் காக்கும் வித்தையை, 1950-ல் டெமிங் என்ற அமெரிக்கரிடம் ஜப்பானியர் சிஷ்யர்களாக உட்கார்ந்து கற்றார்கள். மறு வருஷமே அவர் பெயரால் ஒரு பரிசும் ஏற்படுத்தினார்கள். 1998-ல் அந்தப் பரிசை இந்தியக் கம்பெனிகளுள் முதன்முதலாகப் பெற்றது சென்னையைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டன்.

ஆனால் உடையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும்? அதே மாருதி கம்பெனிக்கு மானேசரில் இன்னொரு தொழிற்சாலை உண்டு. அங்கும் ஒரே சீருடைதான். 2011-ல் அங்குள்ள தொழிலாளிகள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டுமென்று வேலைநிறுத்தம் செய்தார்கள். தேநீருக்குச் சில நிமிஷந்தானா என்பது அவர்கள் சொன்ன குறைகளுள் ஒன்று. அதே வேலையைச் செய்யும் ஒப்பந்தக் கூலிகளுக்குச் சம்பளம் குறைவு என்பது இன்னொன்று. 2012 ஜூலை 18-ந் தேதி கலகம் மூண்டு, தீ வைக்கப்பட்டு, அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். அந்தக் கொடுமைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. எனினும் அதற்கு முன் நடந்ததை யோசிக்க வேண்டியது அவசியம்.

ஜப்பானில் பெரிய கம்பெனிகளின் நிரந்தரத் தொழிலாளி நெடுங்காலமாக, சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் நாள் வரை தன்னைக் கம்பெனி கைவிடாது என்று நம்பியிருந்தான். நிமிஷக் கணக்குக்கு அவன் கட்டுப்பட்டதற்கு அந்த நம்பிக்கை ஈடாயிருந்தது. மானேசருக்கு நிமிஷக் கணக்கு வந்தது; அந்த ஈடு எல்லோருக்கும் வரவில்லை. ஒரு வழக்கத்தில் பாதியை மட்டும் கப்பலேற்றினால், வந்து சேருவது வழக்கமல்ல, வெறும் கண்டிப்பு.

ஆகையால் அயல்நாட்டாரோடு வேலைக்குப் போகும் நம் இளைஞர்களுக்கு ஒன்று சொல்லலாம். அவர்களுடைய வழக்கம் எதுவாயினும், சிரிப்பதற்கும் பின்பற்றுவதற்கும் முன்னால், 'இது ஏன்?' என்று மரியாதையாகக் கேளுங்கள். நம்முடைய 'ஏன்' என்ன என்பதையும் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். கேட்பதும் சொல்வதும் இரு பக்கமும் நடக்கும் இடத்தில் சீருடை இல்லாவிட்டாலும் பாதகமில்லை.