கத்திக்குக் குலம் ஏது?

கல்பாக்கத்தில் அணுவைப் பிளந்து மின்னாற்றல் எடுக்கிறார்கள். அறிவின் வெற்றி அது, வாழ்த்துகிறோம். ஆனால், அதே கடற்கரைச் சாலையில் வண்டி மோதி மண்டை பிளந்து கிடக்கும் மீனவத் தோழனை எங்கே கொண்டுசெல்வது? சுமார் 30 கிலோமீட்டருக்கு அப்பால், 1965இல் தோன்றிய செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு! அங்கே கத்தி ஏந்தி நிற்பவர் யார்? அக்கலையை அவர் எப்படிக் கற்றார்? இவை அவனுக்கு உயிர்நிலைக் கேள்விகள்.

திறமை பிறப்போடு வருவதாம். எளியவனுக்கு இடம் தந்தால் தரம் தாழ்ந்துவிடுமாம்! இப்படிப் பேசுவோரை உலகைச் சற்றே சுற்றிப் பார்க்க அழைக்கிறோம்.

இங்கிலாந்தில் அறுவை மருத்துவர் 1540 முதல் நாவிதரோடு ஒரே சங்கத்தில் இருந்தவர், 1745இல்தான் பிரிந்தார், 1800இல் அரச கல்லூரி கண்டார். சவரக்கத்தி பிடித்த கையே அரச பட்டயம் பெற்றது. இன்றும் அங்கே அவர் 'டாக்டர்' என்று அழைக்கப்படுவதில்லை. 'மிஸ்டர்' என்பதையே பெருமையாகக் கொள்கிறார்!

இங்கே நடந்தது என்ன? புனே அருகே, செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர், அறுபட்ட மூக்கை நெற்றித் தோலால் மீண்டும் அமைத்தார். 1794இல் லண்டன் ஏடொன்று அதை வியந்து வெளியிட்டது. 1814இல் கார்ப்யூ என்ற ஆங்கிலேயர் அம்முறையைச் செய்து பார்த்தார், நூலும் எழுதினார். நம் தொழிலாளிக்கோ வரலாற்றில் பெயரில்லை! மருத்துவனைச் சிராத்தப் பந்தியிலிருந்து விலக்கியது மனுநூல். பிணத்தைத் தொட்டால் தீட்டு என்றது சாத்திரம். கட்டியைக் கீறி, பிள்ளைப்பேறு பார்த்து ஊரைக் காத்த மருத்துவர் குலத்தை ஊர் இழிவாகவே நடத்தியது. அங்கே கத்திக்குக் கல்லூரி. இங்கே கத்திக்குத் தீட்டு!

இன்றைய பயிற்சியைப் பாருங்கள். இங்கிலாந்தில் பட்டம் பெற்றபின் அடிப்படைப் பயிற்சி இரண்டாண்டு, அறுவைப் பொதுப்பயிற்சி இரண்டாண்டு, சிறப்புப் பயிற்சி ஏறத்தாழ ஆறாண்டு. அமெரிக்காவில் பொது அறுவைக்கு ஐந்தாண்டு, நரம்பியல் அறுவைக்கு ஏழாண்டு. பொது அறுவை பயில்வோர் குறைந்தது 850 பெரிய அறுவைகளைக் கணக்கில் காட்டவேண்டும். முறைகள் வேறு, உண்மை ஒன்று: திறமை பிறப்பில் இல்லை, பழகிய கையில் இருக்கிறது!

நம் நாட்டில் எம்.எஸ். மூன்றாண்டு, அதன்மேல் எம்.சிஎச். மூன்றாண்டு. ஆனால் அந்த வாயிலைத் திறப்பது எது? மூன்றரை மணி நேரத்தில் 200 வினாக்கள்! பணம் கட்டிப் பயிற்சி மையத்தில் பயின்றவன் அதைத் தாண்டுகிறான். சிற்றூர்ச் சுகாதார நிலையத்தில் நள்ளிரவிலும் நோயாளியைத் தொட்டுப் பார்த்தவன் தடுமாறுகிறான். தொட்டுப் பார்த்த கைக்கு அங்கே மதிப்பெண் உண்டா?

இதற்காகத்தான் அரசு மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் தனி ஒதுக்கீடு கேட்டது தமிழகம். அதை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31இல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. இது பிச்சையன்று, உழைத்த கைக்கு உரிய கூலி!

நம்மவர்க்கும் ஒரு சொல். ஒதுக்கீட்டில் கற்றவர் நகரத்து மாடமாளிகை மருத்துவமனையில் மறைந்துவிட்டால், ஒதுக்கீட்டின் பகைவர்க்கு வேலையே இல்லை; நாமே அதைக் கொன்றவர்களாவோம். கற்ற கை கரைக்குத் திரும்பவேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று: பணியாற்றிய ஆண்டுகளுக்கு மதிப்பு, தன் கையால் செய்த அறுவைகளின் எண்ணிக்கையே தேர்ச்சிக்கு அளவுகோல், சிற்றூருக்குத் திரும்பும் கடமை.

தோழர்களே! அறுவை மேசையில் கிடப்பவன் கத்தி பிடித்தவனின் குலத்தைக் கேட்பதில்லை. கை நடுங்காதா என்றுதான் கேட்கிறான். அந்தக் கையை உருவாக்குவது கோத்திரமன்று, பயிற்சி! அந்தப் பயிற்சியின் கதவு குப்பத்துப் பிள்ளைக்கும் திறக்கும்வரை நமக்கு ஓய்வில்லை.