125 பேர் என்ற கோடு

சியர்லீடிங் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஐபிஎல் ஆட்டங்களில் எல்லைக்கோட்டருகே ஆடியவர்கள்தாம். அமெரிக்காவில் ‘ஆல் ஸ்டார் சியர்’ எனப்படும் போட்டி முற்றிலும் வேறு. அங்கே உற்சாகப்படுத்துவதற்கு வேறோர் அணி கிடையாது, களம் அவர்களுடையது. இரண்டரை நிமிடங்களுக்குள் குட்டிக்கரணங்கள், தோளுக்குமேல் ஒருவரைத் தூக்கி நிறுத்தும் அடுக்குகள், உயரே எறிந்து பிடிக்கும் வித்தைகள் அனைத்தையும் செய்து முடிக்க வேண்டும். இப்போட்டிகளுக்கு அணிகளை அனுப்புபவை பள்ளிகள் அல்ல, தனியார் பயிற்சிக்கூடங்கள். இந்த விளையாட்டின் சர்வதேசச் சங்கத்துக்கு 2021-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி முழு அங்கீகாரம் அளித்தது.

அதன் நீண்டகாலச் சிக்கல், பெரிய கூடத்துக்கும் சிறிய கூடத்துக்கும் இடையிலான நியாயம். 500 பிள்ளைகள் பயிலும் கூடம், வயதுக்கும் திறனுக்கும் ஏற்பப் பலரையும் சோதித்து, ஒவ்வொரு நிலைக்கும் பொருத்தமானவர்களைப் பொறுக்கியெடுக்கலாம். மேல்நிலையில் ஆடத்தக்கவர்களையே கீழ்நிலை அணியில் நிறுத்திக் கோப்பையை வாரிக்கொள்வதும் உண்டு. 60 பேர் உள்ள கூடத்துக்கு அந்த வசதி இல்லை. கரணம் கைவந்த ஒன்பது பேரும், இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் ஆறு பேரும் அங்கே ஒரே அணியில்தான் நிற்க முடியும். ஒரு வித்தையை அணியில் எத்தனை பேர் செய்கிறார்கள் என்பதையும் நடுவர்கள் கணக்கில் கொள்வதால், அந்த ஆறு பேரின் போதாமை மதிப்பெண்ணில் தெரிந்துவிடும். ஆள் போதாமல் ஒரே பிள்ளை இரண்டு அணிகளில் ஆடிக் களைப்பதும் சிறிய கூடங்களில் வழக்கம். ஆண்டுக்கணக்கில் வளர்த்தெடுத்த பிள்ளை, தேறியதும் பெரிய கூடத்துக்குப் போய்விடுகிறது. பத்தாம் வகுப்புவரை ஆளாக்கிய மாணவரைப் பிளஸ் ஒன்னில் பெரிய பள்ளியிடம் இழக்கும் நம்மூர்ப் பள்ளிகளுக்கு இந்த வருத்தம் புரியும். பிள்ளையைப் பிடித்துவைக்க விதி போடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குழந்தை கூடத்தின் சொத்தன்று.

இதற்கு அமெரிக்க ஆல் ஸ்டார் கூட்டமைப்பு கண்ட தீர்வு ஒரு கோடு. 125 வீரர்கள் அல்லது அதற்குக் குறைவாகப் பதிவு செய்த கூடங்கள் இரண்டாம் பிரிவில் தமக்குள் மோதலாம். பருவ இறுதிப் போட்டியும் அவற்றுக்குத் தனியே உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 126-ஆவது பிள்ளை சேர்ந்த மறுகணம் அக்கூடம் 500 பேர் கொண்ட கூடங்களின் வரிசையில் நிற்கிறது. வளர்ச்சிக்குத் தண்டனை விதிப்பது போன்றது இது. கிளைகளாக இயங்கும் கூடத்தை ஒன்றாக எண்ணுவதா, தனித்தனியாகவா என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

இருப்பினும், கோட்டின் குறைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது நம்மைத் திசைதிருப்பும் என்று கருதுகிறேன். ஏனெனில் இந்தக் கோடு களத்தில் மட்டுமே செல்லுபடியாகிறது. கட்டணச் சீட்டில் செல்லாது. 1974-இல் பயிற்சி முகாம்களுடன் தொடங்கிய வார்சிட்டி நிறுவனம், போட்டி நடத்தும் நிறுவனங்களை ஒவ்வொன்றாக வாங்கியது. 2015-இல் ஜாம்ஃபெஸ்ட் என்ற பெரும் போட்டியாளரும் அதன் வசமானது. போட்டி, சீருடை, முகாம் மூன்றும் ஒரே கையில். 2003-இல் உருவான கூட்டமைப்பே வார்சிட்டியின் பண உதவியோடுதான் பிறந்தது. விதி வகுப்பவருக்கும் விற்பவருக்கும் இடையே இடைவெளி இல்லாதபோது, நியாயத்தை யாரிடம் கேட்பது?

2020-இல் டென்னசி கூட்டாட்சி நீதிமன்றத்தில் பயிற்சிக்கூடங்கள் தொடுத்த ஏகபோக எதிர்ப்பு வழக்கு இதைத்தான் கேட்டது. வார்சிட்டியின் போட்டிகளில் எவ்வளவு அதிகம் செலவழிக்கிறதோ அவ்வளவு அதிகத் தள்ளுபடி கூடத்துக்குக் கிடைக்கும், மிகப் பெரிய கூடங்களுக்குத் தனி ஒப்பந்தங்கள் உண்டு என்பது குற்றச்சாட்டின் மையம். இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். 500 பேரை அனுப்பும் கூடத்துக்குத் தலைக்கு ஆகும் செலவு குறைகிறது; அந்த மிச்சத்தில் அது கூடுதல் பயிற்சியாளரை அமர்த்தலாம். 60 பேர் கொண்ட கூடம் முழுக்கட்டணத்துக்கு நெருக்கமாகச் செலுத்தி, மறைமுகமாகத் தன்னை வெல்லப்போகிறவரின் தள்ளுபடிக்குப் பங்களிக்கிறது. போட்டிக்கு வரும் குடும்பங்கள் அமைப்பாளர் குறிப்பிடும் விடுதியில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கில் இடம்பெற்றது. வாடகை கொடுத்தது பெற்றோர்.

2023-இல் வழக்கு 4.35 கோடி டாலருக்குச் சமரசமானது. பெற்றோர் தரப்பில் தொடரப்பட்ட மற்றொரு வழக்கு 2024-இல் 8.25 கோடி டாலருக்கு முடிந்தது. 2018-இல் பெய்ன் கேப்பிடல் வாங்கியிருந்த நிறுவனம், 2024-இல் கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது.

இழப்பீடு பழைய கணக்கைத்தான் தீர்க்கும். இனி நான் எதிர்பார்ப்பவை இரண்டு. தள்ளுபடி இருக்குமானால் அது மொத்தச் செலவின் அடிப்படையில் அல்லாமல், எல்லாக் கூடங்களுக்கும் தலைக்கு ஒரே அளவாக இருக்கட்டும். விகிதம் வெளிப்படையாக அறிவிக்கப்படட்டும். அடுத்து, கூட்டமைப்பின் ஆளுங்குழுவில் போட்டி நடத்தும் நிறுவனங்களைவிடச் சிறிய கூடங்களின் உரிமையாளர்களுக்குக் கூடுதல் இடம் வேண்டும். 125-ஐ 150 ஆக்குவதா, மூன்றாம் பிரிவு ஒன்றைத் தொடங்குவதா என்பதை அப்போது அவர்களே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.