மாடி ஏறினால் மூச்சு வாங்கும் இருபது வயது

1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயதை ஒட்டிய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் கட்டிலிலேயே கிடத்தினார்கள் ஆய்வாளர்கள். நோய்நொடி இல்லாத உடம்புகள். ஆனாலும், முழுமூச்சாக உழைக்கும்போது உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு கால் பங்குக்கு மேல் சரிந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மறுபடி சோதித்தார்கள். அத்தனை ஆண்டுகளில் வயது பறித்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை பறித்ததுதான் அதிகம்!

கொரோனா முடக்கத்தில் நம் மாணவர்கள் அப்படிக் கட்டிலோடு கிடக்கவில்லைதான். ஆனால், 2020 மார்ச்சில் மூடிய தமிழகக் கல்லூரிகள், இடையில் திறந்தும் மூடியும் 2022 பிப்ரவரியில்தான் நிலைகொண்டன. பஸ் பிடிக்க ஓடுவதும் மாலை விளையாட்டும் நின்று, வகுப்பும் நட்பும் கைப்பேசிக்குள் அடங்கின. விடுபட்ட பாடங்களுக்குச் சிறப்பு வகுப்புகள் நடந்தன. விடுபட்ட ஓட்டத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இன்று இளநிலை படிக்கும் பிள்ளைகள் அப்போது பள்ளி மாணவர்கள். உடம்பு உரமேற வேண்டிய வயதில் பி.டி. பீரியடை இழந்தவர்கள்.

பெரும்பாலான கல்லூரிகளில் மைதானம் கல்லூரி அணிக்கே சொந்தம்போல் இருக்கிறது. மற்றவர்கள் ஓடுவது போலீஸ் தேர்வுக்காகத்தான். அதில் ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டுமே! பெண்களின் நிலை இன்னும் மோசம். இந்தியாவில் வயதுவந்தோரில் பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. பெண்களில் அது 57 சதவீதம் என்கிறது 2022ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார அமைப்பின் கணிப்பு. பொழுது சாய்ந்ததும் பூட்டப்படும் விடுதிக் கதவுக்கும் அதில் பங்கு உண்டு.

டல்லாஸ் கதைக்கு மறுபாதியும் உண்டு. எட்டு வாரப் பயிற்சியில் அந்த ஐவரும் இழந்ததை மீட்டார்கள். அவர்களில் ஆய்வுக்கு முன்பே சோம்பிக் கிடந்து பழகியவர்கள் முன்பிருந்ததைவிடவும் மேலே போனார்கள். இருபது வயது உடம்பு அவ்வளவு சீக்கிரம் மீண்டுவிடும்.

உலக சுகாதார அமைப்பு கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. ஐம்பது நிமிடப் பீரியடாக வாரம் மூன்றை எல்லா மாணவர்களின் கால அட்டவணையிலும் சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும். வேக நடை போதும், முடிந்தவர்கள் ஓடட்டும். பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொருவருடைய மூச்சுத் திறனையும் அளக்க, 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகளும், அடுத்த பீப் ஒலிக்குள் எதிர்க்கோட்டை எட்டும்படி ஓடவைக்க ஒரு ஸ்பீக்கரும் இருந்தால் ஆயிற்று. முதல் கோட்டைப் பெண்கள் விடுதி வளாகத்துக்குள்ளேயே போடலாம்.